வாலைத் தேடாதீங்க, கொம்பைப் பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது)



நம்ம பெண்களுக்கு இங்கிலீஷ் ஏன் கஷ்டமா இருக்கு, அதை எப்படிக் கத்துக்கிறது என்று பேசச் சொல்லியிருக்காங்க. தலைவி அக்கா இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நான் பத்தாவதுதான் படிச்சேன். அதுவும் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல 41 மார்க். என்னையா பேசச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அதற்கு அக்கா, "டீச்சர் பேசினா கஷ்டப்படாதவங்க பேசுற மாதிரி இருக்கும். நீ கஷ்டப்பட்டவ, நீ பேசு" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலாக 1989-ல் இங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்குக் குழுவில் சேர்ந்த அம்மாக்களுக்குப் பெரிய படி எது? கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுவது. ராத்திரி சிம்னி விளக்குல சிலேட்டு வைத்து எழுதிப் பழகினோம் என்று பெரியவங்க சொல்வாங்க. இன்றைக்கு நமக்கு முன்னாடி இருக்கிற படி வேற. போன்ல வர்ற மெசேஜ் இங்கிலீஷ். கடன் பத்திரத்துல பாதி இங்கிலீஷ். ஏடிஎம் சீட்டு இங்கிலீஷ். கையெழுத்துப் போடத் தெரிந்த நாம, எதுக்குக் கையெழுத்துப் போடுறோம்னு தெரியாம நிற்கிறோம்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு 5,000 ரூபாய். அந்தக் கதையை எங்க குழுவுக்கு வெளியே இதுவரைக்கும் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை. எங்க குழுவில் 12 பேர். அன்னைக்குச் சேமிப்பு 1,200 ரூபாயும், உள்கடன் தவணை 4,100 ரூபாயும் வசூலாச்சு. மொத்தம் 5,300. மறுநாள் பேங்குல கட்ட வேண்டிய பணம். அன்னைக்குப் பார்த்து நாலு பேர் ரொக்கமா தராம என் போனுக்கு அனுப்பினாங்க. ரொக்கமா வந்ததையும், "கையில வச்சிருந்தா செலவாயிடும்"னு கடைக்காரத் தம்பிகிட்ட கொடுத்து என் கணக்குக்கே அனுப்பச் சொல்லிட்டேன். குழுப் பணத்தை ஒரு ராத்திரிகூடச் சொந்தக் கணக்குல வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே செய்தேன். அது என் முதல் தப்பு.

சாயங்காலம் ஒரு போன். நாங்க அரைச்சு விற்கிற ராகி மாவு வேணுமாம், மொத்தமா எடுத்துக்கிறாராம், 5,000 ரூபாய் அட்வான்ஸ் இப்பவே அனுப்புறாராம். எனக்குக் கால் தரையில இல்லை. "மேடம், உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கேன், மெசேஜ் பாருங்க, பின் நம்பர் போட்டா ஏறிடும்" என்றார். மெசேஜ் வந்தது. அதில் இருந்ததை இன்னைக்கு வரைக்கும் மனப்பாடமா வச்சிருக்கேன். அவர் பெயருக்குப் பிறகு இப்படி இருந்தது: "ஹேஸ் ரிக்வெஸ்டட் மணி ஃப்ரம் யூ. ஆன் அப்ரூவிங் தி ரிக்வெஸ்ட், 5000 வில் பி டெபிட்டட் ஃப்ரம் யுவர் அக்கவுண்ட்."

நான் படித்தேன். படிக்காம அமுக்கினேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் கண்ணுக்குத் தெரிந்தது நாலே சொல்: மணி, யூ, 5000, அக்கவுண்ட். அந்த நாலையும் நானே கோர்த்துக்கிட்டேன். "உன் அக்கவுண்ட்டுக்கு 5000 பணம்." பின் நம்பரைப் போட்டேன். பணம் ஏறவில்லை, இறங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டா போன் எடுக்கலை.

அந்த மெசேஜ் என்னை ஏமாத்தலை அக்கா. அது உண்மையைத்தான் சொல்லியிருந்தது. "உன்னிடமிருந்து பணம் கேட்டிருக்கிறார். நீ ஒத்துக்கொண்டால் உன் கணக்கிலிருந்து 5000 எடுக்கப்படும்." ஏமாத்தினவன் போனில் பேசினான். ஆனா எழுத்தில் உண்மை என் கண் முன்னாடியே இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தெரியலை.

பதினாலு நாள் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை. பேங்க்ல கூட்டம், சர்வர் இல்லைன்னு ஒவ்வொரு நாளும் ஒரு பொய். பாஸ் புத்தகத்தைக் கேட்டுடுவாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. மூணாவது திங்கட்கிழமை கூட்டத்துல தீர்மான நோட்டைத் திறந்தேன், கை நடுங்குச்சு. அப்படியே அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

யாரும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க குழுவில் மூத்தவங்க, பால் கறந்து ஊத்துற ஒரு அத்தை, கேட்டாங்க: "ஏம்மா, எங்கள்ல அதிகம் படிச்சவ நீ. உனக்கே அந்த எழுத்து புரியலைன்னா எங்க கதி என்ன?" திட்டியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியலை. அப்புறம் அவங்களே சொன்னாங்க: "பணத்தைக் கட்டு. அப்புறம் அந்த எழுத்தை நீ கத்துக்கிட்டு எங்களுக்கும் சொல்லிக் கொடு. இதையும் நோட்டுல எழுது."

எழுதினோம். ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வித்துப் பணத்தைக் கட்டினேன். என் மக ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நம்ம எல்லாரும் இங்கிலீஷ்னா பெரிய பெரிய வார்த்தைதான் கஷ்டம்னு நினைக்கிறோம். அது இல்லைங்க. பெரிய வார்த்தை பாதி நமக்கு ஏற்கனவே தெரியும். அக்கவுண்ட், லோன், பேலன்ஸ், மேனேஜர், சப்சிடி எல்லாம் நாம தினமும் பேசுற வார்த்தைதான். நம்மைக் கவுக்கிறது சின்னச் சொல். ஃப்ரம், டூ, பை, வில், நாட். இதையெல்லாம் நம்ம கண்ணு கல்லு மாதிரி தாண்டிப் போயிடுது.

ஏன் தாண்டிப் போகுது? நமக்கு அறிவு இல்லாமலா? இல்லை. நம்ம தமிழ் நம்மை வேற மாதிரி பழக்கியிருக்கு.

பள்ளிக்கூடத்துல தமிழ் ஐயா வேற்றுமை உருபு நடத்தினது ஞாபகம் இருக்கா? ஐ, ஆல், கு, இன், அது, கண். அது எங்கே வரும்? சொல்லுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வரும். வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டில், வீட்டோடு. வீடு முதல்ல, குறிப்பு கடைசியில. இங்கிலீஷ்ல அதே குறிப்பு முன்னாடி, தனியா நிற்கும். டூ தி ஹவுஸ், ஃப்ரம் தி ஹவுஸ், இன் தி ஹவுஸ். நான் எங்க குழுவில் இப்படிச் சொல்வேன்: தமிழ் மாட்டுக்கு அடையாளம் வாலில், இங்கிலீஷ் மாட்டுக்கு அடையாளம் கொம்பில். நாம பிறந்ததிலிருந்து வாலைப் பார்த்துப் பழகினவங்க. அதனால இங்கிலீஷைப் படிக்கும்போதும் "யூ" என்ற சொல்லுக்குப் பின்னாடி வால் இருக்கான்னு தேடுறோம். அங்கே ஒண்ணும் இல்லை. கொம்பு முன்னாடியே குத்திட்டுப் போயிருக்கு. "ஃப்ரம் யூ"ன்னா உன்கிட்ட இருந்து. "டூ யூ"ன்னா உனக்கு. ஒரு சின்னச் சொல் மாறினா பணம் போகிற திசையே மாறிடுது.

இன்னொண்ணு, சொல் வரிசை. தமிழ்ல "பூனை எலியைப் பிடிச்சுது"ன்னு சொன்னாலும், "எலியைப் பூனை பிடிச்சுது"ன்னு சொன்னாலும் மாட்டிக்கிட்டது எலிதான். ஏன்னா எலிக்கு "ஐ" என்ற வால் இருக்கு, எங்கே ஓடினாலும் அடையாளம் தெரியும். இங்கிலீஷ்ல அந்த வால் கிடையாது. "தி கேட் காட் தி ரேட்" என்றால் பூனை எலியைப் பிடித்தது. இடத்தை மாத்தி "தி ரேட் காட் தி கேட்" என்றால் எலி பூனையைப் பிடிச்சிடுச்சு! யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பதை அங்கே இடம்தான் சொல்லுது. அதனால தெரிஞ்ச நாலு சொல்லை மட்டும் பொறுக்கி நாமளே கோர்த்துக்கிறது ஆபத்து. நான் செய்தது அதுதான்.

அடுத்தது, காலம். பேங்க் மெசேஜ்ல "ஹேஸ் பீன் டெபிட்டட்" என்று வந்தா எடுத்தாச்சு, முடிஞ்ச கதை. "வில் பி டெபிட்டட்" என்று வந்தா இனிமேதான் எடுக்கப் போறாங்க, இன்னும் தடுக்க நேரம் இருக்கு. எனக்கு வந்த மெசேஜ்ல "வில் பி" இருந்தது. அதாவது பின் நம்பர் போடுற அந்த நிமிஷம் வரைக்கும் பணம் என்கிட்டதான் இருந்தது. அந்த ரெண்டு சொல்லை நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியும்.

டெபிட், கிரெடிட் ரெண்டும் நமக்குப் புதுசு இல்லை. நம்ம ரொக்கப் புத்தகத்துல எழுதுறோமே பற்று, வரவு, அதுதான். மெசேஜ்ல டெபிட்டட்னா உங்க கணக்கிலிருந்து போச்சு. கிரெடிட்டட்னா உங்க கணக்குக்கு வந்துச்சு. குழப்பம் எங்கே வருதுன்னா, கிரெடிட்னா கடன்னும் ஒரு அர்த்தம் உண்டு, கிரெடிட் கார்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதனால எங்க குழுவில் ஒரு தங்கச்சி, "கிரெடிட்டட்"னு மெசேஜ் வந்ததும் யாரோ தன் பேர்ல கடன் எழுதிட்டாங்கன்னு பயந்து ஓடி வந்தாள். பார்த்தால் நூறு நாள் வேலைச் சம்பளம் வந்திருக்கு!

கடன்னு சொன்னதும் இன்னொரு கதை ஞாபகம் வருது. தமிழ்ல கடன் ஒண்ணுதான். வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன். பின்னாடி வர்ற வினைதான் மாறும். இங்கிலீஷ்ல கடன் வாங்குறதுக்கு "பாரோ", கடன் கொடுக்கிறதுக்கு "லெண்ட்", தனித்தனிச் சொல். வங்கி இணைப்புக் கடன் கேட்கப் போனப்போ மேனேஜர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. நான் முந்தின நாளே வீட்டில் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போய்த் தைரியமா சொன்னேன்: "வி வான்ட் டு லெண்ட் த்ரீ லேக்ஸ்." அவர் சிரிச்சுட்டார். நான் சொன்னதுக்கு அர்த்தம், "நாங்க மூணு லட்சம் கடன் கொடுக்கலாம்னு இருக்கோம்"! பேங்குக்கே கடன் கொடுக்க வந்த குழு தமிழ்நாட்டுலயே நாங்க ஒண்ணுதான். ஆனா சிரிச்சாலும் பேப்பரை வாங்கிக்கிட்டார், கடனும் வந்தது. தப்பாப் பேசினதால ஒண்ணும் குறைஞ்சு போகலை. பேசாம வந்திருந்தா கடன் வந்திருக்காது.

சில தப்புக்குச் சிரிக்க முடியாது. "டியூ"ன்னா கட்ட வேண்டிய தவணை. "ஓவர்டியூ"ன்னா கெடு தாண்டிப் போச்சு, இன்னும் கட்டலைன்னு அர்த்தம். நம்ம ஊர்ல "ஓவர்"னா என்ன? முடிஞ்சது. ஆட்டம் ஓவர், படம் ஓவர். ஒரு அக்காவுக்கு மாட்டுக் கடன்ல "ஓவர்டியூ"ன்னு மெசேஜ் வந்திருக்கு. அவங்க டியூ ஓவராயிடுச்சுன்னு சந்தோஷமா இருந்துட்டாங்க. மூணு மாசம் கழிச்சு ஆள் வந்து நின்னப்போதான் தெரிஞ்சது. அபராத வட்டி வேற. பாதி தெரிஞ்ச சொல்லு, தெரியாத சொல்லைவிட மோசம்.

இப்போ பிள்ளைங்க படிப்புக்கு வர்றேன். நம்ம பிள்ளைங்களுக்கு மார்க் போகிறதும் பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில்தான். என் மக நோட்டைப் பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடிச்ச ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, "எஸ்" எழுத்து. ஒரு பொண்ணு பாடினா "தி கேர்ள் சிங்ஸ்". நிறைய பொண்ணுங்க பாடினா "தி கேர்ள்ஸ் சிங்". கவனிச்சீங்களா? இந்த மாதிரி வாக்கியத்தில் எஸ் ஒரு பக்கம்தான் இருக்கும். பெயரில் ஏறினா வினையில் இறங்கிடும். ஒரே துண்டை அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிற மாதிரி. எல்லாப் பெயருக்கும் இந்தக் கணக்குச் சரிப்படாது, சில்ட்ரன் மாதிரிச் சொல்லுக்கு எஸ் கிடையாது. ஆனா ஆரம்பத்துல பிடிச்சுக்க இது உதவும். தமிழ்ல பாடினாள், பாடினான், பாடியதுன்னு வினையின் வாலே ஆளைக் காட்டிக் கொடுத்துடும். இங்கிலீஷ்ல அந்த வேலைக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு எழுத்துதான். அதனால்தான் பிள்ளைங்க மறந்துடுறாங்க.

ரெண்டாவது, "ஐ டிட் நாட் வென்ட்". இந்தத் தப்பை நானும் பத்தாவது வரைக்கும் எழுதியிருக்கேன். ஏன் தப்புன்னு அப்போ புரியலை, குழுக் கணக்கு எழுத வந்த பிறகுதான் புரிஞ்சது. ஒரு ரசீதை ரொக்கப் புத்தகத்துல ரெண்டு தடவை எழுதினா என்ன ஆகும்? கணக்கு இடிக்கும். "டிட்" என்று போட்ட உடனே, நடந்து முடிஞ்ச காலம்னு ஒரு தடவை பதிவு பண்ணியாச்சு. மறுபடியும் "வென்ட்"னு போட்டா ரெண்டாவது பதிவு. அதனால "ஐ டிட் நாட் கோ". இப்படிச் சொல்லிக் கொடுத்த பிறகு என் மக அந்தத் தப்பு பண்றதே இல்லை.

எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள சண்டை தனிக் கதை. நாம தினமும் வாங்கி வைக்கிற "ரிசீட்", அதுல பி எழுத்து இருக்கு, ஆனா வாயைத் திறக்காது. கடனுக்கு "டெட்"னு ஒரு சொல் உண்டு, அதுல பி எழுத்து இருக்கு, அதுவும் ஊமை. கடன் வாங்கினவ மாமியார் முன்னாடி வாயைத் திறக்காத மாதிரின்னு எங்க குழுவில் சொல்லிச் சிரிப்போம். நான் இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதி வச்சுப் படிப்பேன். ஒரு நாள் என் மக கேட்டாள்: "அம்மா, ஆட்டுக்கும் கோட்னு எழுதியிருக்க, போட்டுக்கிற சட்டைக்கும் கோட்னு எழுதியிருக்க. எது எதும்மா?" நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே "கோ"தான். இங்கிலீஷ்ல ஆட்டுக்கு ஜி, சட்டைக்கு சி. ஆகவே தமிழ்ல எழுதிப் படிக்கிறது முதல் படிக்கு நல்லது. அதோட நின்னுடக் கூடாது. இங்கிலீஷ் எழுத்தையும் பக்கத்துல எழுதி வைங்க. எப்படியோ, நான் கோட்டை வித்துத்தான் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன். ஆட்டைச் சொல்றேங்க.

இதையெல்லாம் கேட்டு, இங்கிலீஷ் பெரிய மொழி, நாம சின்னவங்கன்னு நினைச்சுடாதீங்க. இன்சூரன்ஸ் பாரத்துல வாரிசுதாரர் உறவு எழுதச் சொன்னாங்க. நமக்கு நாத்தனார் வேற, அண்ணி வேற, ஓரகத்தி வேற, கொழுந்தியா வேற. அவங்களுக்கு எல்லாமே "சிஸ்டர் இன் லா". அத்தை, சித்தி, பெரியம்மா, அத்தனை பேரும் "ஆன்ட்டி". நமக்கு இருக்கிற வித்தியாசம் அங்கே இல்லை, அங்கே இருக்கிற வித்தியாசம் சில நமக்கு இல்லை. அவ்வளவுதான். ஒரு மொழிக்காரங்க இன்னொரு மொழிக்குப் போறப்போ யாராயிருந்தாலும் தடுக்கி விழத்தான் செய்வாங்க. எங்க பேங்க் மேனேஜர் தமிழ் கத்துக்கிட்டு, வயசான அத்தையைப் பார்த்து "நீ உட்கார்"னு சொன்னப்போ நாங்க சிரிக்கலையா? அவருக்கு "நீங்க" தெரியலை, எனக்கு "பாரோ" தெரியலை. கணக்கு நேர்.

எங்க குழுவில் இப்போ என்ன செய்றோம்னு சொல்லி முடிச்சுக்கிறேன். மாசத்தின் கடைசிக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிஞ்ச பிறகு, கால் மணி நேரம் போன் மெசேஜ் படிக்கிறோம். அவங்கவங்களுக்கு வந்த மெசேஜ் ஒண்ணை எடுத்துச் சத்தமா படிக்கணும். பெரிய சொல்லுக்கு அர்த்தம் கேட்க மாட்டோம். "கொம்பு எங்கே?"ன்னுதான் கேட்போம். ஃப்ரம்மா, டூவா? வில் பியா, ஹேஸ் பீனா? நாட் இருக்கா, இல்லையா? ஒரு நோட்டு போட்டு இதையெல்லாம் எழுதி வைக்கிறோம். இந்தக் கூட்டமைப்பில் உள்ள ஒவ்வொரு குழுவும் இப்படி ஒரு நோட்டு வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.

கூடவே மூணு விஷயம். பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கிறதுக்குத்தான் தேவை. இது இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாதவங்களுக்கும் உள்ள காவல். ரெண்டாவது, அப்படி யாராவது ஏமாத்தினா என்னை மாதிரி பதினாலு நாள் மறைச்சு வைக்காதீங்க. உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கு. எனக்கு அன்னைக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வெட்கம் விட்டிருக்காது. மூணாவது, பேங்குல தமிழ்ப் படிவம் கேளுங்க. வட்டார மொழியிலும் படிவம் வைக்கணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. இங்கிலீஷ் கத்துக்கிறோம் என்பதற்காகத் தமிழ்ல கேட்கிற உரிமையை விட்டுடக் கூடாது.

கடைசியா அந்த அத்தையைப் பற்றிச் சொல்லணும். பால்காசு இப்போ அவங்க போனுக்குத்தான் வருது, பேரன் போட்டுக் கொடுத்திருக்கான். போன தை மாசம் ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். "உங்க பசுவை எடுத்துக்கிறேன் பாட்டி, அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போடுங்க" என்று அதே பாட்டு. அத்தைக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா எங்க நோட்டுல சிவப்பு மையில் எழுதின அந்த நாலு எழுத்து மட்டும் தெரியும். எஃப், ஆர், ஓ, எம். போனைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்களாம்: "தம்பி, இதுல ஃப்ரம் இருக்கு. நீ டூ போட்டு அனுப்பு, அப்புறம் பசுவைப் பத்திப் பேசலாம்." அவன் போனை வச்சிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துல இதை அத்தை சொன்னப்போ, எல்லாரும் கை தட்டினாங்க. நான் மட்டும் தீர்மான நோட்டைப் பழைய பக்கத்துக்குத் திருப்பினேன். "5,000 ரூபாய் கட்டப்பட்டது. எழுத்தைக் கத்துக்கொடுக்க வேண்டும்" என்று மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது இருந்தது. பணம் கட்டின பிறகும் அந்தத் தீர்மானத்தில் பாதி பாக்கியாவே இருந்தது. அன்னைக்குத்தான் அதுக்குக் கீழே "நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தையும் போட்டாங்க.